கொயில் விற்கு முன் ஒரு கேள்வி

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நான், சில வருடங்களுக்கு முன் ஒரு இக்னிஷன் கொயிலால் நல்ல வாடிக்கையாளர் ஒருவரை இழக்கப் பார்த்தேன். கண்டியிலிருந்து வந்த அவர் தனது மொரிஸ் மைனருக்குக் கொயில் கேட்டார். 12 வோல்ட் கார்தானே என்று தட்டில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். மறுவாரமே தொலைபேசி வந்தது. "நானா, கடுகண்ணாவை ஏற்றத்தில கார் நின்டுட்டு. கொயில்ல கை வைக்க ஏலாது, அவ்வளவு சூடு. பொயின்டும் கருகிட்டு."

கொயிலில் பழுது இல்லை. பழுது என்னுடைய கேள்வியில், அதாவது நான் கேட்காமல் விட்ட கேள்வியில்: "உங்கள் காரில் பெலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கிறதா?"

பொயின்ட் வைத்த பழைய கார்களுக்கு வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும் இரண்டு வகைக் கொயில்கள் உண்டு. ஒன்றின் உட்சுற்று ஏறக்குறைய 3 ஓம். 12 வோல்டில் அது 4 அம்பியர்தான் இழுக்கும், நேரடியாகப் பூட்டலாம். மற்றது 1.5 ஓம். அதை நேரடியாகப் பூட்டினால் 8 அம்பியர். கொயிலும் தாங்காது, பொயின்டும் தாங்காது. அதனால் அதற்கு முன்னால் இன்னொரு 1.5 ஓம் ரெசிஸ்டர் தேவை. நான் கொடுத்தது இந்த இரண்டாவது வகை. மொரிஸ் மைனரில் அந்த ரெசிஸ்டர் கிடையாது.

பின் எதற்காக இந்தச் சுற்றுவழி என்று கேட்கலாம். ஸ்டார்ட்டர் சுழலும்போது பற்றரி 9, 10 வோல்டுக்கு இறங்கிவிடும். அந்நேரம் மட்டும் தனி வயர் ஒன்று ரெசிஸ்டரைத் தாண்டி மின்சாரத்தை நேரே கொயிலுக்குக் கொடுக்கிறது. குளிர்காலையிலும் நல்ல நெருப்புப் பொறி கிடைக்கும். திறப்பை விட்டதும் மீண்டும் ரெசிஸ்டர் வழிதான்.

ஆகவே ஒருவர் "ஸ்டார்ட் பண்ணும்போது பற்றுது, திறப்பை விட்டதும் நிக்குது" என்றால் அவருக்குக் கொயிலை விற்காதீர்கள். அநேகமாக ரெசிஸ்டர் போயிருக்கும். அந்த இடத்தில் வெறும் வயரைக் கட்டி அனுப்பும் கராஜ்காரர்களும் உண்டு. கார் ஓடும், ஆனால் பொயின்ட் அடிக்கடி கருகும். மாறாக, ரெசிஸ்டர் உள்ள காருக்கு 3 ஓம் கொயிலைப் பூட்டினால் எதுவும் எரியாது. பொறி பலவீனமாகி ஏற்றத்தில் இன்ஜின் தடுமாறும்.

சில கார்களில் ரெசிஸ்டர் வெள்ளைப் பீங்கான் கட்டையாக வெளியே தெரியாது. வயர்க்கட்டுக்குள் தடை வயராக ஒளிந்திருக்கும். அதற்கு இக்னிஷனைப் போட்டு, பொயின்ட் மூடியிருக்கும்போது, ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் வரும் கொயில் முனையை மீற்றரால் அளக்க வேண்டும். 12க்குக் கிட்டக் காட்டினால் ரெசிஸ்டர் இல்லை. 6 முதல் 8 வரை என்றால் உண்டு. பொயின்ட் திறந்திருந்தால் எந்தக் காரிலும் 12தான் காட்டும். அனுபவமுள்ள பாஸ்மாரும் ஏமாறும் இடம் இது.

கண்டிக்காரருக்கு 3 ஓம் கொயிலும் புதுப் பொயின்டும் என் செலவில் அனுப்பினேன். இப்போது கவுன்டரில் ஒரு மீற்றர் இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கொயிலையும் பையன் அளந்து, ஓம் கணக்கை பில்லிலேயே எழுதிக் கொடுக்கிறான்.