நாலு கிராமில் ஒரு ஏக்கர்

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காயில் வீணாகும் பாகம் கிடையாது. மட்டை நார் மில்லுக்குப் போகும், பருப்பு கொப்பரைக் களத்துக்குப் போகும். மிஞ்சுகிற தொட்டியும் லாரி ஏறிவிடும். சென்னைக்காரர் அதைக் கொட்டாங்குச்சி என்பார், நெல்லைக்காரர் சிரட்டை என்பார். கொங்கில் அது தொட்டி. காற்று அதிகம் புகாமல் குழியிலோ டிரம்மிலோ போட்டுச் சுட்டால் தொட்டிக் கரி. 100 கிலோ தொட்டிக்கு 30 கிலோ கரி தேறினால் பெரிது.

அந்தக் கரி அடுத்து ஆலைக்குப் போகிறது. சுழலும் உலையில், 900 டிகிரியை ஒட்டிய சூட்டில், நீராவி அதன்மேல் பாய்கிறது. கரையான் மரத்தை அரிப்பதுபோல நீராவி கரியை உள்ளுக்குள் அரிக்கிறது. எடையில் பாதிக்கு மேல் வாயுவாகிப் பறந்துவிடும். மிச்சம் நிற்பதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். வீட்டுத் தண்ணீர் ஃபில்டரில் இருப்பது இதுவே. கையில் அள்ளினால் வெறும் கறுப்புக் குருணை. ஆனால் நல்ல ரகமாக இருந்தால் ஒரு கிராமுக்குள் ஒளிந்திருக்கும் சுவர்ப் பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர். ஊர்க் கணக்கில் 25 சென்ட். நாலு கிராம் சேர்ந்தால் ஒரு ஏக்கர். 25 அடி இடைவெளி விட்டு 70 தென்னை வைக்கிற இடம்!

இந்த இடத்தில்தான் கரியமில வாயுவைக் குடியமர்த்தப் பார்க்கிறார்கள் விஞ்ஞானிகள்.

டீயில் சர்க்கரை கரைந்துபோவது ஒரு வகை. வெல்லக்கட்டியின் மேல் ஈ மொய்ப்பது இன்னொரு வகை. முதலாவதை உறிஞ்சுதல் என்றும், இரண்டாவதைப் பரப்பு கவர்தல் என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016 முதல் நடந்தது முதல் வகை. நிலக்கரி பாய்லரின் புகையை ஒரு திரவத்தின் வழியே செலுத்தி, ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு தயாரிக்கும் திட்டம் அது. திரவத்தைக் கொடுத்தது ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்த இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனம். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் திரவ முறையில் ஒரு செலவு தப்பாது: பிடித்த வாயுவை விடுவிக்கத் திரவம் முழுவதையும் சூடேற்ற வேண்டும்.

கரியில் நடப்பது இரண்டாவது வகை, அதில் அந்தப் பாடு குறைவு. அதன் நுண்துளைகள் 2 நானோமீட்டருக்கும் சிறியவை. உள்ளே நுழையும் மூலக்கூறை எல்லாப் பக்கத்துச் சுவரும் மெல்ல இழுக்கும், கட்டிப்போடாது. அழுத்தத்தைக் குறைத்தால் ஈ பறப்பதுபோல வாயு கிளம்பிவிடும். 2021இல் கொரோனா அலையின்போது ஆஸ்பத்திரி வளாகங்களில் வைத்த ஆக்சிஜன் பிளான்ட்டுகள் இதே வித்தையில் ஓடின. அங்கே ஜியோலைட் என்ற தாதுக் குருணை நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, ஆக்சிஜன் நழுவி வந்தது.

ஆனால் இடம் இருந்தால் மட்டும் போதுமா? போய்ச் சேர வழி வேண்டுமே. உடுமலை ரோட்டில் வந்த வண்டி கடைவீதிக்குத் திரும்பி, பிறகு சந்துக்குள் நுழைந்து, கடைசி வீட்டைத் தேடுவது மாதிரிதான் மூலக்கூறின் பயணம். அகலத் துளையில் வேகம். துளை குறுகக் குறுகச் சுவரில் மோதி மோதி ஊர்தல். இதற்கு விரவுதல் என்று பெயர். குருணை பெரிதானால் நடுப்பகுதி நிரம்பவே நேரமாகும். மாவாய்ப் பொடித்தால் புகை ஊடுருவாது, காற்றுத் தள்ளும் மோட்டார் மின்சாரத்தைத் தின்னும்.

இந்தத் தாமதத்தையே தொழிலாக்கியவர்களும் உண்டு. சாண எரிவாயுவில் மீத்தேனும் கரியமில வாயுவும் கலந்திருக்கும். கரியமில வாயு மூலக்கூறின் அகலம் 0.33 நானோமீட்டர், மீத்தேனுடையது 0.38. துளைவாயை இந்த இரண்டுக்கும் நடுவே இறுக்கிய கார்பன் சல்லடையில் சின்னது சட்டென்று புகும், பெரியது வாசலில் திணறும். வித்தியாசம் 0.05 நானோமீட்டர்தான், அதற்குள் வாகன எரிவாயுவே தயாராகிவிடுகிறது. இத்தகைய சல்லடை செய்யத் தேங்காய்த் தொட்டி பேர்போன மூலப்பொருள்.

மின்நிலையப் புகை இவ்வளவு எளிதல்ல. அதில் கரியமில வாயு 12 முதல் 15 சதவீதம். மற்றதில் பெரும்பகுதி நைட்ரஜன், கூடவே நீராவி. ஜியோலைட்டாக இருந்தால் முதலில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடும். கரிக்குத் தண்ணீர்மேல் அவ்வளவு ஆசையில்லை, அது அதன் பலம். பலவீனம் கொள்ளளவில். இத்தகைய புகையில் ஒரு கிலோ கரி ஒரு தடவைக்குப் பிடிப்பது தோராயமாக 30 கிராம். ஒரு கிலோ நிலக்கரி எரிந்தால் வருவதோ ஒன்றரைக் கிலோ. ஒரு கிலோ கரியை 50 தடவை நிரப்பிக் காலி செய்தால்தான் கணக்குத் தீரும். அதனால்தான் உலோகமும் கரிமச் சேர்மமும் கோத்த புதுவகைச் சட்டகங்கள் பக்கம் கவனம் திரும்பியிருக்கிறது. கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் 2025 வேதியியல் நோபல் அதற்குத்தான். அவற்றோடு ஒப்பிட்டால் தொட்டிக் கரி மலிவு, முரட்டுப் பொருள், மரத்திலிருந்து வருவது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. 100 கிலோ தொட்டியில் கடைசியாகத் தேறும் ஆக்டிவேட்டட் கார்பன் 15 கிலோவுக்குள். மிச்சத்தில் பெரும்பங்கு புகை. அந்தப் புகை பற்றியும், கரியை அணைத்த தண்ணீர் கிணற்றில் இறங்குவது பற்றியும் கொங்கு கிராமங்களில் புகார்கள் பழையவை. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிக்குக் கரி விற்கக் கனவு காண்பதற்கு முன்னால், குழியை மூடிய சூளையாக்கி அந்தப் புகையை எரித்துச் சூடாக்குவதே முதல் வேலை. அதற்கு நோபல் வாங்கிய பொருள் எதுவும் வேண்டாம். அந்தச் சூட்டில் மழைக்காலக் கொப்பரையையும் காயவைத்துக்கொள்ளலாம்.