வடசென்னையில் மரபுக் கட்டடங்களின் இழப்பும் ஆவணப் பதிவின் தேவையும்: ஹாமில்டன் அரண்மனையோடு ஓர் ஒப்பீடு

முன்னுரை

கட்டடங்கள் அழிவதற்குப் போர், தீ, புயல், பராமரிப்பின்மை எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. தொழிற்பகுதிகளில் நிகழும் அழிவு இவற்றினின்று சற்று வேறுபட்டது. ஓர் ஊரை வளர்த்த தொழிலே அவ்வூரின் பழைய கட்டடங்கள் நின்ற நிலத்தையும் நாளடைவில் எடுத்துக்கொள்வது அதன் இயல்பாகும். ஸ்காட்லாந்தில் ஹாமில்டன் பிரபுக்களின் அரண்மனை இவ்வாறு மறைந்தது. சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் கரைப்பகுதியிலும் இத்தகைய இழப்பு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிகழ்ந்துவருகிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு, கட்டடத்தைக் காக்க இயலாத நிலையிலும் செய்தே ஆகவேண்டிய கடமை எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஹாமில்டன் அரண்மனை

லனார்க்‌ஷயர் வட்டாரத்தில், கிளாஸ்கோ நகருக்குத் தென்கிழக்கே அமைந்திருந்த ஹாமில்டன் அரண்மனை, ஸ்காட்லாந்தின் நாட்டுப்புற மாளிகைகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. பத்தாம் பிரபு அலெக்சாண்டர் 1820களில் டேவிட் ஹாமில்டன் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு அதனை விரிவாக்கினார். உயர்ந்த தூண்களையுடைய வடக்கு முகப்பு அக்காலத்தில் எழுந்ததே. குடும்பத்தின் வருவாயில் பெரும்பங்கு அவர்தம் நிலங்களில் வெட்டப்பட்ட நிலக்கரியிலிருந்து வந்தது. எனினும் கடன்சுமை பெருகியது. 1882இல் அரண்மனையின் ஓவியங்களும் அறைகலன்களும் 17 நாள்கள் ஏலமிடப்பட்டன. ஏறத்தாழ 4 இலட்சம் பவுண்டு கிடைத்தது. பின்னர் அரண்மனைக்கு அடியிலேயே நிலக்கரி வெட்டப்பட்டதால் நிலம் தாழ்ந்து, கட்டடம் பாதுகாப்பற்றதாயிற்று. 1920களில் அது இடிக்கப்பட்டது. அருகே பத்தாம் பிரபு எழுப்பிய கல்லறை மாடம் மட்டும் இன்றும் நிற்கிறது.

அரண்மனை மறைந்தபோதும் அதனைப் பற்றிய அறிவு மறையவில்லை. வரைபடங்களும் ஏலப் பட்டியல்களும் ஒளிப்படங்களும் எஞ்சின. அதன் உணவுக்கூடத்தின் மரவேலைப்பாடு அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. இவற்றைக் கொண்டு அரண்மனையின் அமைப்பை அறை அறையாக மீட்டுரைக்க ஆய்வாளர்களால் இயன்றது. கட்டடம் போயிற்று, கட்டடத்தின் வரலாறு போகவில்லை.

துறைமுகமும் வடகரையின் தேய்வும்

ஹாமில்டனில் நிலக்கரி செய்ததை வடசென்னையில் துறைமுகம் செய்தது. சோழமண்டலக் கரையோரமாகக் கடல் நீரோட்டம் மணலை ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகிறது. 1870களின் நடுவில் தொடங்கிய துறைமுகப் பணியில் கடலுக்குள் நீண்ட அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. 1881ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது. அவை மீண்டும் கட்டப்பட்டன. இச்சுவர்கள் மணலின் போக்கைத் தடுத்தமையால் துறைமுகத்திற்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே மணல் வரத்துக் குன்றி, அலைகள் கரையைத் தின்னத் தொடங்கின.

தெற்கே கரை வளர்ந்துகொண்டிருந்த அக்காலத்தில் சென்னை ஆளுநராக இருந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான கிராண்ட் டஃப் (1881-1886). கடற்கரை உலாச்சாலையை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டவர் அவரே. ஒரே பொறியியற் பணி நகரின் தென்பாதிக்கு உலாவிடத்தையும் வடபாதிக்குக் கரையரிப்பையும் தந்தது. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிகளில் வீடுகளும் தெருக்களும் கடலுக்கு இரையாயின. கருங்கற் குவியல்களும் தூண்டில் வளைவுகளும் இன்று அக்கரையைத் தாங்கி நிற்கின்றன.

இழப்பு கட்டடங்களோடு நிற்கவில்லை. துறைமுகம் அமையுமுன், நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே ஆள்களையும் சரக்குகளையும் கொண்டுசென்றவை பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகள். அவற்றைச் செலுத்திய கடலோர மக்களின் குடியிருப்பாகவே இராயபுரம் வளர்ந்தது. 1829இல் எழுந்த புனித பேதுரு ஆலயம் அப்படகோட்டிகளின் பொருளுதவியால் உருவானது. கப்பல்கள் நேரே துறைமுகத்தில் அணையத் தொடங்கியதும் அப்படகுத் தொழில் நலிந்தது, ஆலயம் நிலைத்தது.

எஞ்சியதும் இழந்ததும்

இராயபுரத்தில் எஞ்சியவற்றுள் முதன்மையானது இரயில் நிலையம். மதராஸ் இரயில்வே நிறுவனத்தின் முதல் தடம் 1856 சூலை 1 அன்று இராயபுரத்திற்கும் வாலாஜா ரோட்டிற்கும் இடையே போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவில் இதற்கு முன்னர்த் தொடங்கிய தடங்கள் பம்பாய்-தாணே (1853), ஹௌரா-ஹூக்ளி (1854) ஆகியவை. அவற்றின் முதல் நிலையக் கட்டடங்கள் இன்றில்லை. ஆகவே இந்தியாவில் நிலைத்துள்ள மிகப் பழைய இரயில் நிலையக் கட்டடம் இராயபுரத்தினதே. வில்லியம் அடெல்பி டிரேசி வடிவமைத்த இக்கட்டடம் அயோனியத் தூண்வரிசையை உடையது. 1873இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்ட பின் இதன் சிறப்புக் குறைந்தது. 1922இல் தலைமையகமும் பார்க் டவுன் பகுதிக்கு மாறியது. நீண்டகாலம் கவனிப்பாரற்றிருந்த கட்டடம் 2005இல் புதுப்பிக்கப்பட்டது.

இந்நிலையம் தப்பியதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமன்று. புறநகர்த் தடத்தில் இரயில்கள் தொடர்ந்து வந்து சென்றதால் அந்நிலம் வேறு பயனுக்கு மாறவில்லை. 'இந்தியாவின் மிகப் பழைய நிலையம்' என்று ஒரு சொற்றொடரில் சொல்லத்தக்க பெருமை ஆதரவாளர்களை ஈட்டித்தந்தது. இவ்விரண்டும் வாய்க்காத கட்டடங்களின் நிலை வேறு. இராயபுரத்தை அடுத்த இராஜாஜி சாலையில் இருந்த பென்டிங்க் கட்டடம் இதற்குச் சான்று. இன்றைய வளாகத்திற்கு 1892இல் மாறும்வரை சென்னை உயர்நீதிமன்றம் இயங்கியது அதில்தான். அக்கட்டடம் 1990களில் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகை எழுந்தது.

எண்ணூரின் கதை இதனினும் நுட்பமானது. தண்டொனால்டு எட்டாம் பிரபுவின் மகனான பேசில் காக்ரேன், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையை எண்ணூருடன் இணைக்கும் கால்வாயை வெட்டினார். காக்ரேன் கால்வாய் எனப்பட்ட அது பின்னர் நீட்டிக்கப்பட்டு, 1878இல் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர்பெற்றது. கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட எண்ணூர் மணல்திட்டு ஐரோப்பியர் ஓய்வுக்கு நாடிய இடமாகவும் இருந்தது. இன்று அந்நிலப்பரப்பின் அடையாளம் தொழிற்சாலைகளும் மின் நிலையங்களும் 2001இல் செயல்படத் தொடங்கிய காமராசர் துறைமுகமுமே. 1970இல் மின்னாக்கத்தைத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. பழையதை நீக்கி வந்த தொழிற்கட்டடமும் அரைநூற்றாண்டுக்குள் பழையதாகிவிட்டது. அதில் உழைத்தோர்க்கும் அதன் சாம்பலோடு வாழ்ந்த மீனவர்க்கும் அது வாழ்வின் ஒரு பகுதி. எனினும் மரபு என்னும் சொல்லால் அதனைச் சுட்டுவோர் அரியர்.

சட்டத்தின் எல்லை

தொன்மைச் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டமும் 1966ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமும் அறிவிக்கப்பட்ட சின்னங்களையே காக்கின்றன. பழைய நகர்மதிலின் எஞ்சிய பகுதியாகிய மாடிப் பூங்கா அவ்வகையில் காப்புப் பெற்றது. பயன்பாட்டிலுள்ள பெரும்பாலான கட்டடங்கள் இவ்வரையறைக்கு வெளியே நிற்கின்றன. அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் பணி 2006இல் தொடங்கியபோது வழக்குத் தொடரப்பட்டது. 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் கட்டடத்தைக் காக்கும் வகையில் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கும் மேலாயிற்று.

இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் பட்டியலில் இடம்பெறும் தகுதியைப் பெரும்பாலும் தூண்களும் குவிமாடங்களும் வெள்ளையர் பெயர்களுமே பெற்றுத்தருகின்றன. தொழிலாளர் குடியிருப்பு, சரக்குக் கிடங்கு, உப்பளம், மீன் ஏலக் கூடம் ஆகியவை அத்தகுதியை எளிதில் எட்டுவதில்லை. மேலும் ஸ்காட்லாந்து மாளிகைக்கு உரிமையாளர் குடும்பமும் அக்குடும்பத்தின் ஆவணங்களும் இருந்தன. வடசென்னையில் கட்டடங்களின் உரிமை இரயில்வே, துறைமுகம், ஆலை, அரசுத்துறை ஆகியவற்றிடம் உள்ளது. கட்டடம் கைவிடப்படும்போது கோப்புகளும் கைவிடப்படுகின்றன.

இடிக்கும் முன் எழுதுதல்

பழையதை நீக்கும்போது அதன் பதிவைக் காத்தல் தமிழ்நாட்டிற்குப் புதிய கருத்தன்று. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் புதிதாக எடுப்பிக்க முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, பழைய சுவரிலிருந்த கல்வெட்டுகள் முதலில் ஏட்டில் படியெடுக்கப்பெற்றன. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பெற்றன. புதுப்பிப்பதற்கும் பதிவைக் காப்பதற்கும் இடையே அவர்கள் முரண் காணவில்லை.

வடசென்னையிலேயே இதற்கு இணையான சான்று உண்டு. திருவொற்றியூர்க் கோயிலின் கற்றளியை முதலாம் இராசேந்திரன் காலத்தில் எடுத்தவன் இரவி என்னும் வீரசோழத் தச்சன் என்பதைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தச்சனின் பெயர் நமக்குத் தெரிகிறது. அதே கரையில் ஐம்பது ஆண்டுக்கு முன் எழுந்த தொழிற்கூடங்களைக் கட்டியோர், இயக்கியோர் பெயர்கள் எங்கே கிடைக்கும் என்று தேடவேண்டிய நிலை உள்ளது.

இதனால் மூன்று செயல்கள் இன்றியமையாதவை ஆகின்றன. முதலாவது, பொது நிறுவனங்கள் தம் பழைய கட்டடம் எதனையும் இடிக்குமுன் அளவுப்படம், ஒளிப்படம், கோப்புகளின் படி ஆகியவற்றை ஆவணக்காப்பகத்தில் ஒப்படைப்பதைக் கட்டாயமாக்குதல். இரண்டாவது, அக்கட்டடத்தில் உழைத்தோர், அதனருகே வாழ்ந்தோர் ஆகியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்தல். துறைமுகக் கலைச்சொற்களும் படகுத்தொழிற் சொற்களும் வாய்மொழியிலேயே வாழ்வதால் இப்பணியில் தமிழ்த் துறைகளுக்குத் தனிப்பொறுப்பு உண்டு. மூன்றாவது, கடல் கொண்ட தெருக்களைப் பழைய நில அளவைப் படங்களின் துணைகொண்டு இன்றைய கரையோடு பொருத்தி வரைதல்.

முடிவுரை

ஹாமில்டன் அரண்மனையின் அடியிலிருந்து எடுத்த நிலக்கரியைத் திரும்ப வைக்க இயலாது. இராயபுரத்தின் கரையைத் துறைமுகம் கட்டப்படுமுன் இருந்த இடத்திற்கு மீட்கவும் இயலாது. தொழில் வேண்டும் ஊரில் எல்லாக் கட்டடங்களையும் காத்துவிட முடியும் என்பதும் நடைமுறைக்கு ஒவ்வாது. ஆயினும் இடிக்கப்படுவதற்கும் மறக்கப்படுவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது சில வேளைகளில் தவிர்க்க முடியாதது. பின்னது எப்போதும் தவிர்க்கக்கூடியது. இராயபுரம் நிலையத்தைப் பெரிய முனையமாக விரிவாக்கும் கருத்து நெடுநாளாகப் பேசப்பட்டுவருகிறது. எண்ணூரின் பழைய தொழிற்கட்டடங்களும் ஒவ்வொன்றாகப் பயனிழந்து வருகின்றன. எனவே படியெடுக்கும் பணி இடிக்கும் பணிக்கு முன்னரே தொடங்கப்படுதல் வேண்டும்.