ஆடும் துப்பாக்கிக் குழலை லேத்தில் ஏற்றாதீர்கள்

ஜொகூரின் மாசாய், பாசிர் கூடாங் பட்டறைகளில் லேத் ஓட்டும் நம் பிள்ளைகள் ஏராளம். "தம்பி, குழல் கொஞ்சம் ஆடுது, ஒரு வளையம் கடைஞ்சு போட்டுக் குடு" என்று தெரிந்தவர் ஒருவர் பழைய துப்பாக்கியை நீட்டினால், முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்குவோம். ஆனால் மறுத்தே ஆக வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

செம்பனைத் தோட்டங்களில் பன்றி விரட்டப் பயன்படுவது 'செனாப்பாங் பாத்தா' எனப்படும் மடக்குத் துப்பாக்கி. அதன் குழல் ஒரு கீலில் தொங்கும். மூடும்போது பூட்டு நாக்கு அதை உடற்பகுதியோடு இறுக்கும். ஆண்டுகள் போகப் போக இரண்டும் தேயும். 12 போர் தோட்டாவின் சாதாரண வகைக்கு ஐரோப்பியத் தரவிதி வகுத்த அழுத்த உச்சவரம்பு 740 பார். இது கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 300 மடங்கு. குழலுக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் தோட்டாவின் அடிப்பாகத்துக்குத் தாங்கல் இருக்காது. அது கிழிந்தால் கொதிக்கும் வாயு சுடுபவரின் கண்ணையும் கையையும்தான் தாக்கும்.

வளையமோ தகடோ சொருகினால் ஆட்டம் நிற்கும். ஆனால் பூட்டு முழுதாகப் பிடித்திருக்கிறதா என்பது தெரியாது. ஆகவேதான் பிரிட்டனில் 1868 முதலே குழல் சோதனைச் சட்டம் இருக்கிறது. வலு குறையும்படி வேலை செய்யப்பட்ட துப்பாக்கியை மறுசோதனை இல்லாமல் அங்கே விற்க முடியாது.

மூடிய பிறகும் குழல் கடகடவென்று ஆடுவது, இணைப்பில் வெளிச்சம் தெரிவது, சுட்டபின் அங்கே கரி படிவது, வெற்றுத் தோட்டாவின் அடி புடைத்திருப்பது ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தத் துப்பாக்கியால் சுடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். காற்றுத் துப்பாக்கியும் இச்சட்டத்தில் ஆயுதமே. 1971-ஆம் ஆண்டு சுடும் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குப் பாய்ந்தால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கும். அனுமதியின்றி ஆயுதம் தயாரிப்பது மிகக் கடுமையான தண்டனைக்குரிய குற்றம். பழுதுபார்க்கவும் அதற்கென்று உரிமம் வேண்டும். துப்பாக்கி வேறொருவர் பெயரில் இருக்கிறது என்பது பட்டறையில் அதை வைத்திருப்பவரைக் காப்பாற்றாது.

என்ன செய்யலாம்?

உரிமம் உள்ளவர் உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்கோ பழுதுபார்ப்பவரிடமோதான் போக வேண்டும். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் ஸ்ரீ ஆலாம் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் உரிமப் பிரிவில் கேட்கலாம். இறந்துபோன அப்பாவின் துப்பாக்கி அலமாரியில் கிடந்தால் அதைத் தொடாமல் போலீசுக்குத் தகவல் சொல்லுங்கள். நீங்களே தூக்கிக்கொண்டு சாலையில் இறங்காதீர்கள். ஒப்படைத்ததற்கு எழுத்துச் சான்று கேட்டு வாங்குங்கள்.

கைதானால்?

கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி துணை நிற்கிறது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும்; வழக்கறிஞரை நாடும் உரிமை உண்டு; 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வாக்குமூலம் வாங்குவதற்கு முன் உறவினருடனும் வழக்கறிஞருடனும் தொடர்புகொள்ளக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இடம் தருகிறது. வசதி இல்லாத குடிமக்கள் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம்; கைது, தடுப்புக் காவல் கட்டங்களிலேயே அதன் வழக்கறிஞர்கள் உதவுவார்கள்.

பட்டறை முதலாளிகள் இதைத் தங்கள் பயிற்சிப் பையன்களிடம் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்: எந்த ஆயுத உறுப்பும் நம் லேத்தில் ஏறாது, கேட்டு வருபவர் சொந்தக்காரராக இருந்தாலும் ஏறாது.