தழும்பின் மேல் நஞ்சுக்கொடி

ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'லோ லையிங் ப்ளசென்டா' என்று ஒரு வரி வந்தால் வீடே கலங்கிப்போகிறது. நஞ்சுக்கொடியின் ஓரம் கருப்பை வாயிலிருந்து 2 செ.மீ.க்குள் இருக்கிறது, அவ்வளவுதான். கருப்பையின் கீழ்ப்பகுதி நீண்டு வளர வளர, பெரும்பாலானவர்களுக்கு அது மேலே போய்விடும்; 32 வார வாக்கில் மறுபடி ஸ்கேன் பார்த்தால் தெரிந்துவிடும். விலகாமல் வாயை அடைத்துக்கொண்டால் அது 'ப்ரிவியா'. வலியே இல்லாமல் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் போகலாம். அப்போது சிசேரியன்தான் வழி. 'அப்ரப்ஷன்' வேறு: குழந்தை பிறக்கும் முன்பே நஞ்சுக்கொடி பிரிந்துவிடுகிறது. வயிறு கல்லாக இறுகி வலிக்கும். ரத்தம் உள்ளேயே தேங்கிவிடலாம் என்பதால், வெளியே கொஞ்சமாகத்தான் படுகிறது என்று வீட்டில் காத்திருக்கவே கூடாது.

எனக்கு அதிகக் கவலை தருவது 'அக்ரீட்டா'. 1937-இல் பாஸ்டனில் மருத்துவர்கள் இர்விங், ஹெர்ட்டிக் இருவரும் இதைப் பற்றி எழுதியபோது இது அபூர்வம். சிசேரியன் பெருகப் பெருக இதுவும் பெருகியது. நஞ்சுக்கொடிக்கும் கருப்பைத் தசைக்கும் நடுவே மெல்லிய சவ்வுப் படலம் ஒன்று உண்டு. பிரசவம் ஆனதும் அந்த இடத்தில்தான் நஞ்சு கழன்று விழுகிறது. பழைய தையல் தழும்பில் அந்தப் படலம் சரியாக வளர்வதில்லை. அங்கே பதிந்த நஞ்சுக்கொடி நேரே தசையில் ஒட்டிக்கொள்கிறது; அதுதான் அக்ரீட்டா. தசைக்குள் ஊடுருவினால் 'இன்க்ரீட்டா'. தசையைத் தாண்டி வெளியே வந்தால் 'பெர்க்ரீட்டா', சிலருக்குச் சிறுநீர்ப்பை வரைக்கும். நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. தெரியாமல் நஞ்சை இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவில் 2006-இல் வெளியான பெரிய ஆய்வின்படி, ப்ரிவியா உள்ளவருக்கு முன்பு ஒரு சிசேரியன் ஆகியிருந்தால் அக்ரீட்டா வாய்ப்பு 11%. இரண்டு ஆகியிருந்தால் 40%. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறக்குறைய 45% சிசேரியன். இங்கே இது எத்தனை வீட்டுக் கவலை என்று பாருங்கள்.

தலைப்பிரசவம் சிசேரியன் என்றால், அடுத்த முறை ஸ்கேன் எடுப்பவரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். நஞ்சுக்கொடி தழும்பின் மேல் இருக்கிறதா என்று வாய்விட்டே கேளுங்கள். முன்கூட்டித் தெரிந்தால், ரத்த வங்கி உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் 34 முதல் 36 வாரத்துக்குள் நாள் குறித்து, குழந்தையை எடுத்துவிட்டு, நஞ்சைத் தொடாமல் கருப்பையோடு சேர்த்தே அகற்றித் தாயைக் காப்பாற்றிவிடுகிறார்கள்.