கண் சிமிட்டிய சிவப்பு விளக்கு

மார்கழி மாதத்து ஓசூர்க் குளிரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்குக்கூடப் பனி விலகாது. அப்படி ஒரு காலையில் பையனை டியூஷனில் விடுவதற்காகக் காரை எடுத்தேன். தெருமுனையில் திரும்பியதும் டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்தது. தண்ணீரில் நட்டு வைத்த தெர்மாமீட்டர் மாதிரி ஒரு படம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே நாற்பது வயதுக்கு மேல். வயிற்றில் புளியைக் கரைத்தது. ஓரமாக நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. திரும்பி வரும்போது எரியவே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "பன்னிரண்டு வருஷத்து வண்டி. சென்சார் கோளாறா இருக்கும், விடு" என்றார்.

எங்கள் ஊரில் ஒரு தொல்லை உண்டு. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். என்று பெரிய தொழிற்சாலைகள், அவற்றுக்கு உதிரி பாகம் செய்கிற சின்னப் பட்டறைகள். தெருவுக்கு நாலு பேர் வண்டி சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பார்கள். காருக்கு ஒன்று என்றால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எதிர்வீட்டு மாமா, "ஒயர் லூஸ்" என்றார். பக்கத்து வீட்டுப் பையன், "பேட்டரி வீக், ஆன்ட்டி" என்றான். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தார். ஒரு பிளக்கைக் கழற்றி ஊதி மாட்டினார். இரண்டு நாள் கழித்து மறுபடி எரிந்தது. "அக்கா, சும்மா தொந்தரவு. இந்த ரெண்டு ஒயரையும் சேர்த்துச் சுத்தி விட்டுடறேன். அப்புறம் லைட்டே வராது" என்றார்.

"வேண்டாம் தம்பி" என்றேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியாது. குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது தெர்மாமீட்டரை ஒளித்து வைத்தால் சரியாகிவிடுமா என்ற எண்ணம்தான்.

அந்தக் காய்ச்சல் ஞாபகமே பிறகு கை கொடுத்தது. என் மகளுக்குச் சின்ன வயதில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தபோது டாக்டரம்மா, "எந்த நேரத்தில் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று எழுதிக் கொண்டு வாருங்கள்" என்பார். அதேபோல் பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே இந்த விளக்கையும் எழுத ஆரம்பித்தேன். தேதி, நேரம், வண்டி எடுத்து எத்தனை நிமிஷம், மேடா பள்ளமா திருப்பமா. மூன்று வாரத்தில் பதினொரு தடவை. ஒன்பது தடவை விடிகாலையில், வண்டி எடுத்த பத்து நிமிஷத்துக்குள். மற்ற இரண்டும் சரிவில் இறங்கித் திரும்பும்போது. மத்தியான வெயிலில் ஒரு தடவைகூட இல்லை.

காலண்டரைப் பார்த்ததும் இவருக்கே சுவாரசியம் வந்துவிட்டது. உட்கார்ந்து விளக்கினார். எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். பால் கொதித்தால் பொங்கி, ஆறினால் அடங்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று எஞ்சின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. எங்கள் வண்டியில் சென்சார் அதற்குள் இருக்கிறது. மட்டம் இறங்கினால் விளக்கை எரியவிடும். குளிரில் சுருங்கி மட்டம் இறங்கும்போது எரிந்து, பத்து நிமிஷம் ஓடிச் சூடானதும் அணைகிறது என்றால், விளக்கு உண்மையைத்தான் சொல்கிறது. கூலன்ட் குறைவாக இருக்கிறது.

"ஆனால் டப்பாவில் பாதிக்கு மேல் இருக்கிறதே! நான் பார்த்தேனே" என்றார் இவர். மெக்கானிக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை, எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்த டப்பா வருஷக்கணக்கில் பழுத்து மஞ்சளாகிவிட்டது. பாதிக்கு மேல் ஒரு கோடு தெரிந்தது. காரை லேசாக அமுக்கி ஆட்டினேன். உள்ளே இருப்பது தண்ணீரானால் கோடு ஆட வேண்டுமல்லவா? ஆடவில்லை. அது கறை! பாத்திரத்தில் குழம்பு வற்றிய இடத்தில் படிகிற மாதிரி, பழைய மட்டத்தின் கறை. அசல் கூலன்ட் 'மினிமம்' கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே தளும்பிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்பிள்ளைகள் கறையைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். இதை எங்கள் வீட்டில் நான் இன்னும் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

உடனே இவர் போர் தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்து வந்தார். தடுத்துவிட்டேன். எங்கள் வெந்நீர்த் தவலையின் உள்புறத்தைப் பார்த்தால் போதும், வெள்ளை வெள்ளையாக உப்பு ஏடு கட்டியிருக்கும். இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் உப்போடு ஃபுளோரைடும் ஜாஸ்தி. அது பல்லுக்கும் எலும்புக்கும் செய்கிற கெடுதலைக் குறைக்கத்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013-ல் வந்தது. தவலையில் கட்டுகிற உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாயில் கட்டினால் என்ன ஆகும்? சென்சாரின் மேலும் படியும். வண்டிப் புத்தகத்தில் எந்தக் கூலன்ட் போட்டிருக்கிறதோ அதையும், கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரையும் கலந்து 'மாக்ஸிமம்' கோட்டுக்குக் கீழே வரை ஊற்றினோம்.

விளக்கு நின்றது. பத்தொன்பது நாள். இருபதாம் நாள் காலை மறுபடி கண் சிமிட்டியது.

ஊற்றியது எங்கோ போகிறது. எங்கே? இரவு வண்டிக்கு அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டேன். காலையில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் ஓட்டி வந்து நிறுத்தினால் பானெட் பக்கம் வெல்லப் பாகு மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. இந்த முறை பெரிய பட்டறைக்கே போனோம். அங்கே ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டி, அந்த மூடியில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றழுத்தம் ஏற்றினார்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் இதைச் செய்வார்கள். முள் அசையாமல் நின்றால் ஓட்டை இல்லை. எங்களுக்கு முள் மெல்ல மெல்ல இறங்கியது. கீழ் ஹோஸ் பைப்பின் கழுத்தில், கிளிப்புக்கு அடியில், மயிரிழை விரிசல். சுற்றிலும் வெளிறிய ரோஸ் நிறத்தில் பொடி. அழுத்தம் ஏறினால்தான் விரிசல் வாய் திறக்கும். கசிந்தது சூட்டிலேயே காய்ந்துவிடும். அதனால்தான் தரையில் சொட்டு இல்லை.

பைப்பைக் கழற்றி, இரண்டு விரலால் மடக்கிக் காட்டினார் பட்டறைக்காரர். பிளந்துகொண்டது. "எங்கேம்மா அடிக்கடி போவீங்க?" என்றார். கிருஷ்ணகிரியில் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம், மாதம் இரண்டு தடவை போவோம் என்றேன். "மேலுமலை ஏத்தத்துல, லாரிக்கு நடுவுல, இது விட்டிருக்கும்" என்றார். கிருஷ்ணகிரி பள்ளத்தில், ஓசூர் மேட்டில். திரும்பி வரும்போதெல்லாம் ஏற்றம்தான். பின்சீட்டில் பல நாள் என் இரண்டு வயதுப் பேரன் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பைப்பும் கிளிப்பும் மாற்ற ஆன செலவு ஒரு சாதாரணப் புடவை விலைகூட இல்லை.

கூலன்ட் முழுக்க வெளியேறி எஞ்சின் கொதித்தால், 'ஹெட்' வளைந்து செலவு பல ஆயிரம் ஆகும் என்கிறார்கள். நடு ரோட்டில் விளக்கு எரிந்து, சூடு காட்டும் முள்ளும் ஏறினால் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஓரத்துக்கு வருகிற வரை ஹீட்டரை முழுசாகத் திறந்து வையுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சின் சூடு கொஞ்சம் இறங்கும். நிறுத்தியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, குழந்தைகளோடு சாலையை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

மூடியை மட்டும் தொடாதீர்கள். உள்ளே பிரஷர் குக்கர் மாதிரிதான். ஆவி அடங்காத குக்கரை நாம் திறப்போமா? எங்கள் உறவில் ஒருவர் துணியைச் சுற்றித் திறந்து, முழங்கை வரை வெந்துபோனார். அரை மணி, முக்கால் மணி ஆனாலும் ஆறட்டும். அப்படி யாருக்காவது சுட்டுவிட்டால் வளையல், மோதிரத்தை உடனே கழற்றி, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும். பற்பசை, இங்க், மாவு எதுவும் தடவக் கூடாது. சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது வேறொன்று. கலந்து மீந்த கூலன்டை இவர் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார். ரோஸ் நிறம். பொங்கலுக்கு வந்த பேரன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, ஜூஸ்!" என்று வந்து நிற்கிறான். மூடி இறுக்கமாக இருந்ததால் பிழைத்தோம். பெரும்பாலான கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் தித்திப்பான விஷம். சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்; சின்னக் குழந்தைக்குக் கொஞ்சமே அதிகம். முதலில் வாந்தியும், குடித்தவர்போல் தள்ளாட்டமும்தான் தெரியும். குழந்தை வாயில் வைத்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், அந்த டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், 108-ஐக் கூப்பிடலாம். இதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரம் கடத்தக் கூடாது. இப்போது எங்கள் வீட்டில் கூலன்ட் அதன் சொந்த டப்பாவிலேயே, பூட்டுப் போட்ட அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. கீழே சிந்தினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுகிறேன். நாயும் பூனையும் நக்கும்.

சென்சார் கோளாறே வராது என்று சொல்ல வரவில்லை. மாதக்கணக்கில் மட்டம் கோட்டை விட்டு அசையவில்லை, ஆனாலும் விளக்கு எரிகிறது என்றால் அது சென்சாரோ ஒயரோதான். அதைத் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். மட்டத்தைப் பார்ப்பது மட்டும் காலையில், சமதளத்தில், எஞ்சின் ஆறியிருக்கும்போது.

மாசியில் பைப்பு மாற்றியது. அதன்பிறகு காலண்டரில் பால் கணக்கு மட்டும்தான். ஆனியில் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போய், ஒரு கூடை மாம்பழத்தோடும் பேரனோடும் மேலுமலை ஏறி வந்தோம். விளக்கு வரவில்லை.

போன வாரம் காலையில் பக்கத்து வீட்டுப் பெண் பதறிக்கொண்டு வந்தாள். "அக்கா, எங்க கார்லயும் அதே படம் எரியுது!" போய்ப் பார்த்தேன். படம் அதேதான், நிறம் நீலம். சில சின்னக் கார்களில் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்பதற்கு நீல விளக்கு எரிந்து, சூடானதும் தானே அணையும். "அது ஒண்ணுமில்லேம்மா, வண்டிக்குக் குளிருது" என்று சொல்லி, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.