சுவிட்சை அணைத்தால் போதுமா?

மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது கிரைண்டர் திடீரென நின்றுவிடுகிறது. மின்பணியாளரை அழைத்தால் அவர் வர இரண்டு நாள் ஆகும். சில நூறு ரூபாய் செலவும் ஆகும். எனவே, வீட்டில் இருக்கும் ஒருவர் சுவிட்சை அணைத்துவிட்டு, திருப்புளியுடன் தானே பழுதுபார்க்க உட்கார்ந்துவிடுகிறார். 'சுவிட்சைத்தான் அணைத்துவிட்டோமே' என்ற அந்த நம்பிக்கையில்தான் ஆபத்து தொடங்குகிறது.

நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் ஃபேஸ், நியூட்ரல் என்ற இரு கம்பிகள் வழியாக வருகிறது. சாதாரண சுவிட்ச் இவற்றில் ஒன்றை மட்டுமே துண்டிக்கும். அது ஃபேஸ் கம்பியாக இருக்க வேண்டும். கம்பிகளை இணைத்தவர் தவறுதலாக நியூட்ரலில் சுவிட்சைப் பொருத்தியிருந்தால், சுவிட்சை அணைத்ததும் சாதனம் நின்றுவிடும்; ஆனால், அதன் உள்ளே மின்னழுத்தம் அப்படியே இருக்கும். சாதனம் ஓடவில்லை என்பது அதில் மின்சாரம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. பிளக்கை முழுவதுமாகப் பிடுங்கிய பிறகே சாதனத்தைத் திறக்க வேண்டும்.

மின்விசிறி, வெந்நீர் சாதனம் போன்று நேரடியாகக் கம்பியில் இணைக்கப்பட்டவற்றுக்கு மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் அதுவும் போதாது. மெயினை அணைத்தாலும், மின்தடை ஏற்பட்டாலும், பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட் மின்சாரம் மின்விசிறிக்கும் விளக்குக்கும் சென்றுகொண்டிருக்கும். இன்வெர்ட்டரையும் நிறுத்திய பிறகு டெஸ்டரால் சோதிப்பது அவசியம். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை, மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'ஏதாவது நேர்ந்தால் எம்.சி.பி. விழுந்துவிடும்' என்பது மற்றொரு தவறான நம்பிக்கை. எம்.சி.பி.யும் ஃபியூசும் கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பவை. மனிதரைக் காப்பதற்கானவை அல்ல. ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்திலேயே கைத்தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். 100 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு, சில விநாடிகள் உடலில் பாய்ந்தாலே இதயத் துடிப்பு நிலைகுலைந்துவிடும். பழைய 25 வாட் குண்டு பல்பு எரிவதற்கு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டமும் ஏறத்தாழ இதே அளவுதான். 16 ஆம்பியரைத் தாங்கும் எம்.சி.பி.க்கு, பல்பு எரிவதற்கும் ஒரு மனிதர் உயிருக்குப் போராடுவதற்கும் வேறுபாடு தெரியாது.

மனிதரைக் காப்பதற்கென்றே உள்ளது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவு தடுப்பான். உள்ளே செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வருவதையும் அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. ஒருவர் உடல் வழியே மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால் இரண்டும் சமமாக இராது. வீடுகளுக்கான தடுப்பான், 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டிலேயே நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். ஆனால், ஒரு கை ஃபேஸையும் மறுகை நியூட்ரலையும் தொட்டால் மின்சாரம் நிலத்துக்குக் கசிவதில்லை. தடுப்பானும் அதை உணராது. எனவே, அது இருக்கும் துணிவில் மின்சாரம் உள்ள சாதனத்தைத் திறக்கக் கூடாது.

பிளக்கின் மூன்றாவது முள் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது, நில இணைப்பு முதலில் சேர்ந்து கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகத்தான். பிளக் துளைக்குள் சேரவில்லை என்று அந்த முள்ளை ஒடித்துவிட்டாலோ, பழுதுபார்த்த பின் பச்சைக் கம்பியை இணைக்காமல் விட்டாலோ, சாதனம் வழக்கம்போல் ஓடும். ஆனால், உள்ளே கசிவு ஏற்படும் நாளில் அதன் உலோக உடல் முழுவதும் மின்சாரம் பாயும். ஈரக் கையும் வெறுங்காலும் உடலின் மின்தடையை வெகுவாகக் குறைத்துவிடுவதால், சமையலறையிலும் குளியலறையிலும் இந்த ஆபத்து அதிகம்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வீட்டில் திறக்கவே கூடாத சாதனங்கள் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பின் மின்தேக்கி, உயிரைப் பறிக்கும் அளவுக்கு உயர் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதைப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே முறை.

ஒருவரை மின்சாரம் தாக்கினால் அவரைத் தொட்டு இழுப்பவரும் பலியாகக்கூடும். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்; முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தி இதய இயக்க முதலுதவியைத் தொடங்கியபடியே 108-ஐ அழைக்க வேண்டும். நலமாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. இதயத் துடிப்பில் ஏற்பட்ட கோளாறு வெளியே தெரியாமல் இருக்கலாம்.

பழுதானதைத் தூக்கியெறியாமல் சரிசெய்து பயன்படுத்துவது நல்ல பண்பு. அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால், சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த நினைக்கும் கை, திருப்புளியை எடுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கட்டும்.