விரிசலுக்கும் ஒரு பிறந்த நாள்

என் பெரியம்மா திருச்சியில் வாழ்பவர். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா இறைவனடி சேர்ந்தபின் அவருக்கென எஞ்சியிருப்பவை ஓய்வூதியமும், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுப்பப்பட்ட பழைய வீடும்தான். சில ஆண்டுகளுக்கு முன் அடுத்த மனையிலிருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார்கள். வண்டிகள் நிறுத்துவதற்காகத் தரைக்குக் கீழேயும் ஒரு தளம் வேண்டுமென்று ஆழமாகத் தோண்டினார்கள். மூன்றாம் வாரம் பெரியம்மாவின் படுக்கையறைக் கதவு நிலையில் பிடித்துக்கொண்டது. சமையலறைச் சுவரில் ஒரு விரிசல், கூடத்தில் ஒன்று, மாடிப்படியின் அருகே மற்றொன்று என மூன்று கோடுகள் கண்ணில் பட்டன.

கட்டுகிறவரின் மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். "அம்மா, இவையெல்லாம் பழைய விரிசல்கள். நாங்கள் கடப்பாரை போடுவதற்கு முன்பே இருந்தவை" என்றார்.

"முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்தச் சமையலறையில் நிற்கிறேன் தம்பி. என் சுவர் எனக்குத் தெரியாதா?" என்றார் பெரியம்மா.

இருவரும் தத்தம் மனச்சாட்சிப்படியே பேசினார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் இருவரிடமும் ஆதாரம் ஏதுமில்லை. இரண்டு மாதம் பேச்சு வார்த்தையற்ற பகையாகவே கழிந்தது. கடைசியில் வழக்கைத் தீர்த்தது குடும்பப் படத்தொகுப்பு! பேத்தியின் புதுநன்மை நாளன்று கூடத்தில் எடுத்த படத்தில், வெள்ளை உடையணிந்த குழந்தையின் பின்னால் சுவர் பழுதின்றி இருந்தது. ஆகவே கூடத்து விரிசல் புதியதே என்பது உறுதியாயிற்று. ஆனால் அதே தொகுப்பில் பல ஆண்டுகளுக்கு முந்தைய கிறிஸ்துமஸ் குடில் படம் ஒன்றும் இருந்தது. அதில் குடிலுக்கு மேலே, மாடிப்படியோரம், மெல்லிய கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. புதியதென்று பெரியம்மா அடித்துக் கூறிய விரிசல் அது. அவர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது பழையதுதான். அந்தப் பிள்ளையிடம் நானே சொல்லிவிடுகிறேன்" என்றார். சமையலறை விரிசலைப் பற்றி எந்தப் படமும் வாய் திறக்கவில்லை. அதன் செலவை இருவரும் பாதிப் பாதியாக ஏற்றுக்கொண்டார்கள். அது நீதியா அநீதியா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அருகில் கட்டட வேலை தொடங்குமுன் நம் வீட்டின் நிலையைப் பதிவு செய்து வைக்க வேண்டுமென்று பொறியாளர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுதான். விரிசலின் நீளத்தையும் அகலத்தையும் எவரும் எந்நாளும் அளந்துவிடலாம். அது பிறந்த நாளைத்தான் பிறகு கண்டுபிடிக்க இயலாது.

மண் ஏன் அசைகிறது?

ஒரு வீட்டைத் தாங்கும் மண், சுற்றியுள்ள மண்ணால் அணைத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் ஆழமாகக் குழி தோண்டும்போது அந்த அணைப்பு நீங்குகிறது. மண் குழியை நோக்கிச் சிறிதளவு சாய்கிறது. குழியில் ஊறும் நீரை இரவுபகலாக இறைத்து வெளியேற்றினால் சுற்றுப்புற நிலத்தடி நீர்மட்டம் இறங்குகிறது. நீர் வற்றிய களிமண் இறுகி அமிழ்கிறது. சில வேளைகளில் நீரோடு மணலும் சேர்ந்து வெளியேறுகிறது. கனத்த எந்திரங்களால் தூண்களை நிலத்தில் அடித்து இறக்கும்போது எழும் அதிர்வு வேறு. வீடு முழுவதும் ஒரே சீராக இறங்கினால் பெருங்கேடில்லை. ஒரு மூலை இறங்கி மறுமூலை நின்றுவிடும்போதுதான் சுவர் கிழிகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். எவரும் தோண்டாமலேயே சுவர்கள் விரிசல் விடுவதுண்டு. கரிசல் மண் கோடையில் சுருங்கி மழையில் உப்புவதால், அங்குள்ள வீடுகளில் ஆண்டுதோறும் கோடுகள் விரிந்து மூடுவதைத் தென்மாவட்டத்து வாசகர்கள் அறிவார்கள். வெயிலில் கான்கிரீட் தளம் விரிவதால் கூரையும் சுவரும் கூடுமிடத்தில் கிடைக்கோடு விழும். பூச்சு காயும்போது வலைபோல் மயிரிழைக் கோடுகள் தோன்றும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டுப்போல் செங்கல் இணைப்புகளின் வழியே ஓடும் விரிசலைக் கண்டால்தான் அடிமண் அசைந்ததோ என்று ஐயுற வேண்டும். அண்டை வீட்டாரைக் குறை கூறுமுன் இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது நல்லது.

கொலோன் நகரின் கதை

மூன்று அரசர்களின் திருப்பண்டப் பேழை இருப்பதால் நம்மவர்க்கும் பெயரளவில் அறிமுகமான ஊர் ஜெர்மனியின் கொலோன். அங்கே நிலத்தடி இரயில் பாதை அமைக்கும் பணி நடந்தபோது, 2004 செப்டம்பர் இறுதியில், புனித அருளப்பர் பெயரால் விளங்கும் பழைய கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் கோபுரம் திடீரெனச் சாய்ந்தது. சாய்வு ஏறத்தாழ முக்கால் மீட்டர். கோபுரத்துக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தி, மறு ஆண்டில் நிமிர்த்தினார்கள். நகர மக்கள் அதைக் கொலோனின் சாய்ந்த கோபுரம் என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டார்கள்.

வேடிக்கை நீடிக்கவில்லை. 2009 மார்ச் 3ஆம் நாள் பிற்பகல், அதே பகுதியில், அதே இரயில் பணியிடத்தின் ஓரத்திலிருந்த நகர ஆவணக் காப்பகம் இடிந்து குழிக்குள் சரிந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஏடுகளைக் காத்துவந்த கட்டடம் அது. உள்ளே இருந்தவர்கள் எச்சரிக்கை கேட்டு ஓடித் தப்பினார்கள். ஆனால் அண்டையிலிருந்த குடியிருப்பும் சரிந்ததில் இளைஞர் இருவர் உயிரிழந்தார்கள். நிலத்தடியில் எழுப்பிய தடுப்புச் சுவரில் ஒரு பழுது இருந்ததென்றும், அதன் வழியே நீரும் மணலும் குழிக்குள் பாய்ந்ததால் கட்டடத்தின் அடிமண் பறிபோனதென்றும் நெடுநாள் ஆய்வுக்குப் பின் கூறப்பட்டது. அதை நிலைநாட்டுவதற்காகவே நீர் நிறைந்த குழியில் தனியொரு ஆய்வுக் கிணறு அமைத்து, முக்குளிப்போரை இறக்கிப் பார்க்க வேண்டியதாயிற்று. 2020இல்தான், 60 கோடி யூரோவுக்கு, நகரமும் கட்டட நிறுவனங்களும் உடன்பாட்டுக்கு வந்தன. நடந்தபின் காரணத்தைத் தேடுவது எத்துணைச் செலவுமிக்க வேலை என்பதை இந்தப் பதினொரு ஆண்டுகளைக் கொண்டு அளந்துகொள்ளலாம். பணி தொடங்குமுன் அண்டைக் கட்டடங்களைப் பார்த்துக் குறித்துவைக்கும் வழக்கத்திற்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் பெயரே 'சான்றைக் காத்தல்' என்ற பொருள்தரும் சொல்லாகும்.

நம் நாட்டிலும் உதாரணங்கள் இல்லாமலில்லை. 2017 ஏப்ரல் 9 அன்று சென்னை அண்ணா சாலையில் சர்ச் பார்க் அருகே, மெட்ரோ சுரங்கம் தோண்டப்பட்ட இடத்தின் மேல் சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. இறைவன் அருளால் உயிர்ச்சேதம் இல்லை. 2019 ஆகஸ்ட் 31 அன்று கொல்கத்தாவின் பௌபஜாரில் சுரங்கம் தோண்டும் எந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையில் மோத, மேலேயிருந்த குறுகிய சந்துகளில் பழைய வீடுகள் விரிசல் விட்டன, சில இடிந்தன. நூற்றுக்கணக்கானோர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். 2022இல் அதே பகுதியில் மேலும் இருமுறை வீடுகள் விரிசல் கண்டன. வீட்டுப் பத்திரமும் வீட்டின் படங்களும் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தால், சுவர் சரியும் நாளில் அவற்றால் என்ன பயன்? ஒரு படி வெளியூரிலுள்ள மகனிடமோ மகளிடமோ இருக்கவேண்டும்.

எப்படிக் குறிப்பது?

பெரிய செலவில்லை. ஒரு குறிப்பேடு, அளவுநாடா, அளவுகோல், கைபேசி ஆகியவை போதும். பகல் வெளிச்சத்தில், வீட்டு வாசலிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் அறையிலும் கதவுக்கு இடப்புறச் சுவரிலிருந்து வரிசையாகச் சுற்றி வரவேண்டும். பழுதுள்ள இடங்களை மட்டும் படமெடுப்பது பலர் செய்யும் தவறு. நல்ல சுவரையும் எடுக்கவேண்டும். பின்னாளில் பேசப்போவது அந்த வெறுஞ்சுவர்தான். முதலில் சுவர் முழுவதும் தெரியும்படி ஒரு படம். பிறகு விரிசலின் அருகே அளவுகோலை வைத்து ஒரு படம். நெருக்கப்படம் மட்டும் இருந்தால் அது எந்த அறையென்று ஆறு மாதத்தில் நமக்கே மறந்துவிடும்.

பழைய விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி அது வளர்ந்தால் அப்போதே தெரியும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனைகளிலும் காரை வைத்து ஒட்டுவது கொத்தனார்களின் பழைய உத்தி; சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். கதவு, சன்னல்களைத் திறந்து மூடிப் பார்த்து, எது தடையின்றி மூடுகிறது, எது உரசுகிறது என்று எழுதவேண்டும். தரையில் இரசமட்டமும் சுற்றுச்சுவரில் தூக்குக்குண்டும் வைத்துப் பார்க்கக் கொத்தனார் ஒருவரை அரைநாள் அழைத்துக்கொள்ளலாம். கிணறு இருந்தால் கயிற்றைக் கட்டி நீர்மட்டத்தை அளந்து குறியுங்கள். இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் அண்டையில் நீர் இறைப்பதை முதலில் அறிவிப்பது கிணறுதான்.

அகலத்தைக் கணிக்க ஒரு வழிகாட்டி உண்டு. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் 1981இல் வெளியிட்ட குறிப்பின்படி, 1 மில்லிமீட்டர் வரையுள்ள விரிசல்கள் சுவர்ப்பூச்சிலேயே மறையக்கூடியவை. 5 மில்லிமீட்டரை எட்டும்போது கதவுகள் சற்றே பிடிக்கத் தொடங்கும். 15க்கு மேற்பட்டால் சுவரின் பகுதிகளைப் பிரித்துக் கட்டவேண்டி வரலாம். 25ஐத் தாண்டினால் கட்டடமே நிலையிழக்கும் அபாயம் உண்டு.

இயன்றால் ஒருமுறையோடு நிறுத்தாமல் கோடையில் ஒன்றும் மழைக்காலத்தில் ஒன்றுமாக இருமுறை குறிப்பது சாலச் சிறந்தது. வீட்டின் இயல்பான மூச்சு எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும்.

எழுதிய குறிப்பை நாமே வைத்துக்கொண்டால் பாதிப் பயன்தான். கட்டுகிறவரையோ அவருடைய பொறியாளரையோ வீட்டுக்குள் அழைத்து, உடனிருந்து பார்க்கச் செய்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையொப்பமிடுவதே உயர்ந்த முறை. அவர் மறுத்தால், ஒரு படியை அஞ்சலில் அனுப்பி, கிடைத்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். மெட்ரோ போன்ற பெரும்பணிகளில் கட்டடங்களைப் பார்வையிட அலுவலர்களே வருவார்கள். வீட்டை எடுத்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறார்கள் என்று அஞ்சிக் கதவைச் சாத்திவிட வேண்டா. அடையாள அட்டையைப் பார்த்தபின் உள்ளே அழைத்து, அறிக்கையின் படியொன்றை எழுத்தில் கேளுங்கள்.

சட்டம் கூறுவது

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், அண்டை நிலம் தரும் இயற்கையான தாங்கலைப் பெறும் உரிமை ஒவ்வொரு நிலத்துக்கும் உண்டென ஏற்கிறது. ஆனால் அது வெறுநிலத்துக்குரியது. நிலத்தின்மேல் நாம் ஏற்றிவைத்த வீட்டின் பாரத்துக்கும் அந்தத் தாங்கல் வேண்டுமெனில், 20 ஆண்டுகள் இடையூறின்றி அதை அனுபவித்திருக்க வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. ஆகவே வீடு எந்த ஆண்டு கட்டப்பட்டது என்பதைக் காட்டும் வரி இரசீதும் மனைப் படமும் நம் குறிப்போடு சேர்ந்திருப்பது பயன்தரும். வழக்கு மன்றம் வரை சென்றுவிட்டால், வழக்கறிஞர் ஒருவரை ஆணையராக அமர்த்தி இடத்தை நேரில் ஆராயச் செய்யும்படி கேட்க, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை இடந்தருகிறது. கைபேசிப் படங்களைச் சான்றாக ஏற்பதற்கு, 2024 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு ஒரு சான்றிதழைக் கோருகிறது. ஆகவே மூலப் படங்களை அழித்துவிடலாகாது.

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி, அண்டைக் கட்டடத்துக்கு 3 மீட்டருக்குள் அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுபவர் ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிக்கவேண்டும். இத்தகைய முன்னறிவிப்பு வழக்கமானால் நம் தெருக்களிலும் பாதிச் சண்டை குறையும்.

நாமே கட்டுகிறவர்களானால்?

இதுவரை தோண்டப்படும் பக்கத்தில் நின்று பேசினோம். ஆனால் நம் பங்குகளில் புதிய கோவிலும் சமூகக் கூடமும் பள்ளிக் கட்டடமும் எழும்போது தோண்டுகிறவர்கள் நாமே. சுற்றுச்சுவருக்கு அப்பால் உள்ள சிறு வீட்டுக்காரருக்குப் பங்குப் பேரவையை எதிர்த்துப் பேசத் துணிவு வருமா? அவர் பிற சமயத்தவரானால் இன்னும் தயங்குவார். ஆகவே அவர் கேட்குமுன் நாமே சென்று, நம் செலவில் அவர் வீட்டைக் குறித்து, படியை அவர் கையில் தரவேண்டும். வேலை முடிந்தபின் அதே குறிப்போடு மீண்டும் அவர் வாசலுக்குப் போகவேண்டும். கட்டட நிதிக் கணக்கில் இதற்கென்று ஒரு வரி முதல் நாளே இருக்கட்டும்; பிறகு சேர்ப்பது நடவாத காரியம்.

குறிப்பெழுதும்போது பழைய பழுதுகளை விட்டுவிடலாமே என்ற எண்ணம் வீட்டுக்காரருக்கும் எழும்; இது மனித இயல்பு. கட்டுகிறவர் செலவில் பழைய விரிசலும் பூசப்பட்டுவிடும் அல்லவா? ஆனால் ஒரு பழைய கோட்டை மறைத்தது வெளிப்பட்டால், உண்மையான புதிய கோட்டையும் எவரும் நம்பமாட்டார்கள். பெரியம்மா மாடிப்படி விரிசலைத் தாமே ஒப்புக்கொண்டதால்தான் அந்த மேற்பார்வையாளர் சமையலறைச் செலவில் பாதியை வாதாடாமல் ஏற்றார் என்பது என் கணிப்பு.

சென்ற மாதம் அவரைக் காணச் சென்றிருந்தேன். வீட்டின் பின்புற மனையிலும் இப்போது முளைக்கோல் நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள். மேசைமேல் ஒரு புதிய குறிப்பேடு இருந்தது. முதல் பக்கத்தில் தேதியும், கிணற்று நீர்மட்டமும், 'மாடிப்படி விரிசல் – பழையது' என்ற வரியும் அவருடைய ஆசிரியைக் கையெழுத்தில் தெளிவாக இருந்தன. சனிக்கிழமை அளவுகோலோடு வரும்படி பேரனிடம் சொல்லியிருக்கிறாராம்.